தூணுக்குப் பின்னால் நின்றவன் பேசுகிறேன்

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் ஓட்டி, ஒருநாளும் தண்டவாளத்தை விட்டு இறங்காமல், ஓய்வு பெற்ற பிறகு நம் ரசிகர் மன்றத்தைத் தண்டவாளத்தில் ஏற்றப் பெரும்பாடு படுகின்ற அவைத் தலைவர் அவர்களே! தோற்ற நாளில் தலை குனியாத, வென்ற நாளிலும் வாய் திறக்காத எங்கள் கோச் அவர்களே! மேடையில் நாற்காலி போதாமல் படிக்கட்டில் அமர்ந்து, அங்கிருந்தும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! அணியின் அத்தனை சட்டைகளையும் துவைத்து, உலர்த்தி, கிழிந்ததைத் தைத்து, வாரந்தோறும் நம் மானத்தை மடித்து அடுக்கித் தருகின்ற லாண்டரி அக்கா அவர்களே! மகன் ஆடுவதைப் பார்க்க வந்து, மகனை ஊரே ஏசுவதையும் கேட்டுவிட்டு, பொறுத்துக்கொண்டு வீடு திரும்புகின்ற தாய்மார்களே! வெயிலில் வெந்து, மழையில் நனைந்து, தொண்டை கட்டி, குரல் கெட்டு, அடுத்த வாரமும் அதே இடத்தில் வந்து நிற்கின்ற வடக்குக் கேலரியின் வாடாத தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். வேண்டாம் தோழர்களே, இறக்குங்கள் கைகளை. இன்று நான் முடிக்கிறவரை ஒருவரும் கைதட்டக் கூடாது. கைதட்டலுக்கு ஏங்கிச் சாகிற நானா இதைச் சொல்கிறேன் என்று முன்வரிசையில் ஒருவர் வாயைப் பிளக்கிறார். காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

நாளை மாலை இந்த வருடத்தின் கடைசிக் கால்பந்து மேட்ச். வென்றால் முதல் டிவிஷனில் நிற்போம். சமன் செய்தாலும் போச்சு, தோற்றாலும் போச்சு, கீழே இறங்கிவிடுவோம். நாளைக் காலை பத்து மணிக்கு, கிளப் வாசல் கதவில் கோச் அவர்கள் பதினோரு பேரின் பட்டியலை ஒட்டுவார். அதற்கு முந்தின மாலை ரசிகர்கள் கூடுவதும், மனதில் பட்டதைக் கொட்டுவதும், கோச் அவர்கள் மேடையில் அமர்ந்து அதை முழுவதும் கேட்பதும் நம் கிளப்பின் வழக்கம். கேட்டே ஆக வேண்டும். சொன்னபடி செய்தாக வேண்டும் என்பதில்லை. செய்திருந்தால் நாம் என்றைக்கோ ஐந்தாம் டிவிஷனுக்குப் போயிருப்போம்.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் நல்ல பிளம்பர் கிடைப்பது கஷ்டம். பல் பிடுங்க ஆள் கிடைப்பது கஷ்டம். அணித் தேர்வாளருக்கு மட்டும் பஞ்சமே இல்லை! பேருந்தில் ஏறினால் கண்டக்டர் ஓர் அணி சொல்கிறார். பாங்க் கவுன்ட்டரில் நின்றால் காசாளர் ஓர் அணி சொல்கிறார். முடி வெட்டப் போனால், தலையைக் குனிய வைத்துக்கொண்டு, கத்தியைக் கழுத்தருகே பிடித்துக்கொண்டு, ஓர் அணியைச் சொல்லி, சரிதானே என்று கேட்கிறார் சலூன்காரர். சரியில்லை என்று எவன் சொல்வான்?

எனக்கும் கருத்துகள் உண்டு. கோச் அவர்களே, நான்காம் எண்ணையும் எட்டாம் எண்ணையும் நடுக்களத்தில் ஒன்றாக இறக்காதீர்கள். இருவரும் நல்ல பிள்ளைகள். அளவுக்கு மீறிய மரியாதைக்காரர்கள். பந்து வந்தால் நீ எடு, நீ எடு என்று ஒருவரை ஒருவர் உபசரிக்கிறார்கள். உபசரிப்பு முடிவதற்குள் பந்து நம் வலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் புயலாக முன்னே ஓடுகிறார், பொறுப்பாகத் திரும்பி வரத்தான் மறந்துபோகிறார். இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எழுதவில்லையா? சரி.

நான் வந்தது இதற்காக அல்ல. வந்தது ஒன்பதாம் எண்ணுக்காக.

பார்த்தீர்களா? எண்ணைச் சொன்னதும் எழுகிறது முனகல். இந்த முனகலைப் பெற்றெடுத்தவன் யார்? பேர் சூட்டி, பாலூட்டி, வளர்த்துவிட்டவன் யார்? இதோ நிற்கிறேன், நான்தான்.

மழை கொட்டிய அந்த மேட்ச் நினைவிருக்கிறதா? கோல்கீப்பர் விழுந்து கிடந்தார். வலை திறந்து கிடந்தது. ஒன்பதாம் எண் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கார் நிறுத்தத்தில் போய் விழுந்தது. அப்போது நான் கேலியாகக் கைதட்டினேன். ஒரு தட்டு. ஒரு இடைவெளி. மறுபடியும் ஒரு தட்டு. பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் சேர்ந்துகொண்டார். அந்த மேட்ச் முடிவதற்குள் வடக்குக் கேலரி முழுவதும் மெதுவாக, மெதுவாக, ஒருவனை இஞ்ச் இஞ்சாகக் குத்துவதுபோல் தட்டியது. அன்றிலிருந்து அவன் காலில் பந்து படும்போதெல்லாம் அதே தட்டு. நம் வீட்டுக் கல்யாணத்தில்கூட யாராவது சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டால் அதே கைத்தட்டு! எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு, தெரியுமா? ஊருக்கே ஒரு புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன் அல்லவா நான்?

அதோடு விட்டேனா? இதே மேடையில் ஏறி, ஒன்பதை நீக்கு என்று முழங்கினேன். மனு எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது. என் காரணம் ஒரே வரி. பன்னிரண்டு மேட்ச் ஆடினான், ஒரு கோல்கூட இல்லை.

என்ன, அது உண்மைதானே என்கிறீர்களா? உண்மைதான் ஐயா. அந்த உண்மையை நான் எங்கே நின்று பார்த்தேன் என்பதுதான் கேள்வி.

வடக்குக் கேலரியில் மூன்றாவது தூண். சாய்ந்துகொள்ள வசதி, நிழலுக்கும் வசதி. பத்தொன்பது வருடமாக அது என் இடம். அங்கே நின்றால் மைதானம் எல்லாம் தெரியும், நம்மவர்கள் பாதி ஆட்டம் தாக்குகிற கோலுக்கு முன்னால் இருக்கிற ஒரு துண்டைத் தவிர. பந்து அந்தத் துண்டுக்குள் போனால் பக்கத்தில் நிற்கிற மெக்கானிக்கைக் கேட்பேன். அவர் சொல்வதை வைத்து ஆட்டக்காரனைத் திட்டுவேன். ஊரில் உள்ள கண்களையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிற கடைக்காரன் நான்! 'தெளிவான பார்வை' என்று பலகை வேறு வைத்திருக்கிறேன்!

சிரியுங்கள், சிரிப்பதற்குத் தடையில்லை. கைதட்டத்தான் கூடாது.

போன சனிக்கிழமை மெக்கானிக்குக் காய்ச்சல். அவருடைய டிக்கெட் வீணாகக் கூடாதே என்று என் வீட்டுக்காரியை அழைத்துவந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். கால்பந்து அவளுக்கு ஆகாது. தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இங்கே நின்று என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு நாலு வரிசை கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று வென்றோம், இரண்டுக்கு ஒன்று. இரண்டு கோலையும் போட்டவர் பதினோராம் எண். ஒன்பதுக்கு வழக்கம்போல் என் தட்டுகள். வீட்டுக்கு வந்து, பதினொன்றின் பெருமையைப் பக்கம் பக்கமாகப் பேசினேன். அவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க எல்லாரும் பந்தையே பாத்தீங்க. இத்தனை பேர் ஒருத்தரையே குத்திக் காட்டுறாங்களே, அப்படி என்னதான் பண்றார்னு நான் அந்த ஒம்போதை மட்டும் பாத்தேன். அவர் எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு பேர் கூடவே ஓடுறாங்க. அந்த ரெண்டு கோலும் அப்பத்தான் விழுந்தது. ஒண்ணுக்கும் உதவாத ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு காவல்?"

தோழர்களே! பத்தொன்பது வருடம் பார்த்தவனுக்குத் தெரியாதது, தொண்ணூறு நிமிடம் பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது!

ஒப்புக்கொண்டேனா? அவ்வளவு சுலபமாகவா! உனக்கு ஆட்டம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கடையின் வெள்ளைக் கோட்டுகளைக் கொடுக்க லாண்டரிக்குப் போனேன். அக்கா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்பதாம் எண் சட்டை. முதுகுப் பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. பேச்சுக்கு, விழுந்துவிட்டானா என்று கேட்டேன். "விழுந்தா முழங்கைதான் கிழியும். இது பின்னாலேர்ந்து பிடிச்சு இழுத்தது. இந்த வருசம் இதே சட்டையை ஆறு தடவை தைச்சிருக்கேன். மத்தவங்க சட்டையெல்லாம் சும்மா வேர்வையோட வருது" என்றார் அக்கா. உண்மைதானே அக்கா? அக்கா தலையாட்டுகிறார், சாட்சி இருக்கிறது!

சட்டையைப் பிடித்து இழுக்கிற எதிரிக்கு அவன் மதிப்புத் தெரிந்திருக்கிறது. சட்டையின் நிறத்தைக் கொண்டாடுகிற நமக்குத் தெரியவில்லை! அந்தப் பன்னிரண்டு மேட்சில் பதினோராம் எண் போட்டது ஒன்பது கோல். அந்த ஒன்பது கோலுக்கும், காவலுக்கு வந்தவர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடி, வழி திறந்துவிட்டவன் எவன்? ஃபார்ம் போச்சு, ஃபார்ம் போச்சு என்றோமே, ஃபார்ம் என்ன சாவிக் கொத்தா, எங்கேயாவது வைத்துவிட்டுத் தேட? யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் பந்து கிடைத்தால் அவன் நிமிர்ந்து பார்ப்பான், திரும்புவான், உதைப்பான். இப்போது கிடைத்த நொடியில் யாருக்காவது தள்ளிவிடுகிறான். ஏன்? வைத்திருந்தால் தட்டு விழும்! அவன் ஃபார்மை அவன் தொலைக்கவில்லை. நாம் பிடுங்கிக்கொண்டோம். நான் பிடுங்கினேன்.

இதோ, துண்டுச் சீட்டு. தலைவர் அவர்கள் அனுப்பியிருக்கிறார்: 'சுருக்கமாக'. தலைவரே, நீங்கள் ஓட்டிய ரயில் என்றைக்காவது நேரத்துக்கு வந்ததுண்டா? இன்னும் ஐந்தே நிமிடம்.

ஆகவே, கோச் அவர்களே, கேட்டுக்கொள்வது இதுதான். அந்த மனுவைத் திருப்பித் தாருங்கள். முதல் கையெழுத்தை நானே கோடு போட்டு அடிக்கிறேன். வாசல் மேஜையில் வைக்கிறோம், பேனாவும் இருக்கும். மற்றவர்கள் போகிற போக்கில் அவரவர் கையெழுத்தை அடிக்கலாம். நாளைய பட்டியலில் ஒன்பதாம் எண்ணுக்கு...

மறுபடியும் சீட்டா? தலைவரே, ஐந்து நிமிடம் என்று... இது தலைவருடையது இல்லை. கோச் அவர்கள் எழுதியது.

கொஞ்சம் பொறுங்கள்.

கோச் அவர்களே, இதை வாசிக்கலாமா? தலையசைக்கிறார். வாசிக்கிறேன். 'மனுவை நான் பிரிக்கவே இல்லை. பட்டியலில் ஒன்பது எப்போதும் உண்டு. திங்கட்கிழமை அவனே வந்து தன் பெயரை அடிக்கச் சொன்னான். கால் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தத் தட்டுதான் தாங்க முடியவில்லை என்றான். இன்னும் அடிக்கவில்லை. காலைவரை நேரம் கொடுத்திருக்கிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.'

தோழர்களே, திரும்பிப் பார்க்காதீர்கள். தயவுசெய்து யாரும் திரும்ப வேண்டாம். நாம் பார்த்ததெல்லாம் போதும்.

தம்பி, நான் எழுதிவைத்த முடிவுரை ஒன்று சட்டைப் பையில் இருக்கிறது. அடுக்கடுக்கான சொற்கள். அது இனி உதவாது. மன்றாட வேண்டியது கோச்சிடம் என்று நினைத்து வந்தேன். உன்னிடம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தத் தட்டை ஆரம்பித்தவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோல் போட வா என்று கூப்பிடவில்லை. நாளைக்கும் நீ கோல் போடாமல் போகலாம், பந்து கார் நிறுத்தத்துக்கே போகலாம். போகட்டும்! பந்தை வாங்கு. நிமிர்ந்து பார். உனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள். வடக்குக் கேலரியிலிருந்து ஒரு தட்டு விழாது. விழுந்தால், தட்டியவன் கையைப் பிடிக்க அவன் பக்கத்தில் நான் போய் நிற்பேன். நிற்பீர்களா தோழர்களே நீங்களும்? நிற்போம் என்பவர்கள் கையை மட்டும் தூக்குங்கள்.

முதல் வரிசை, நடு வரிசை, ஜன்னலோரம்... காய்ச்சலோடு வந்திருக்கிற மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். தாய்மார்கள் எல்லாரும். தலைவரும்!

பதில் இப்போதே வேண்டாம் தம்பி. காலையில் கோச்சிடம் சொன்னால்... என்ன? எழுந்து நிற்கிறாரா? அமைதி. அமைதி தோழர்களே, கேட்கவில்லை. தம்பி, சத்தமாகச் சொல்.

கேட்டதா உங்களுக்கு? பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். "நாளைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நிப்பீங்களா அண்ணே?" என்று கேட்கிறார்.

இல்லை தம்பி. முதல் வரிசைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரியையும் அழைத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்கிறேன். உன்னைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன், பந்து எங்கே போனாலும் சரி.

"அப்ப என் பேரு இருக்கட்டும்" என்கிறார்.

கோச் அவர்கள் எழுதிக்கொள்கிறார். இதை மட்டும் எழுதிக்கொள்கிறார்!

பேச இடம் தந்த தலைவருக்கும், பேசவிட்டுக் கேட்ட கோச் அவர்களுக்கும், தைத்துத் தந்த அக்காவுக்கும், பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், கண்ணைத் திறந்துவிட்ட என் வீட்டுக்காரிக்கும், கடைசி வரிசையில் நிமிர்ந்து நிற்கிற தம்பிக்கும் நன்றி கூறி, நாளை மாலை மைதானத்தில் சந்திக்கும்வரை வணங்கி விடைபெறுகிறேன்.

இப்போது கைதட்டுங்கள் தோழர்களே. வேகமாக.