வாசலுக்கு வெளியே கொடுக்கிற சமாதானம்

மாலை ஆறேகால். நவம்பர் மாதம், விட்டு விட்டுத் தூறல். ஒலக்கூரைத் தாண்டி உள்ளே பிரிகிற ஏரிக்கரைச் சாலையில் ஒரே ஒரு பைக்... ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஹெட்லைட்டை அணைத்துவிட்டு எவன் ஏரிக்கரையில் போவான்? திருடப் போகிறவன் போவான். இல்லையென்றால் பெண்டாட்டியை வேவு பார்க்கப் போகிறவன் போவான். இவன் இரண்டாவது ரகம்.

பெயர் அறிவுச்செல்வன். நம் சின்னதுரையின் அக்கா புருஷன். இங்கே கரண்ட் போய்விட்டது, மண்டபத்துக்காரர் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர், நம் வாயால் அதற்கு ஒரு பெயர் வர வேண்டாம். அறிவுச்செல்வன் இதைச் சின்னதுரையிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டதற்கு எழுந்து போய்விட்டானாம்.

அவனுக்குத் தொழிலே கேமரா மாட்டுவது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை எந்தக் கடையில் யார் தலைக்கு மேலே சிவப்புப் புள்ளி மின்னினாலும் அது அவன் மாட்டியதாகத்தான் இருக்கும். நாள் முழுக்க அடுத்தவனைச் சந்தேகப்பட்டுச் சம்பாதிக்கிறவன், வீட்டுக்கு வந்தும் அதையே செய்தான். மனைவி இசைவாணி தண்ணீர் லாரிக்காரனிடம் இரண்டு வார்த்தை பேசினால், மூன்றாவது வார்த்தை என்ன என்று கேட்பான். எனக்கு இந்த மாதிரி ஆண்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அன்றைக்கு அவனுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது.

முதலில் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

காலனிக்கு நடுவே ஒரு சின்ன சர்ச். நவம்பர் பதினொன்றாம் தேதி அங்கே சமாதான ஆராதனை நடக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய யுத்தம் நடந்ததல்லவா, அது முடிந்து சமாதானம் வந்த நாள். அந்த யுத்தத்துக்கு இந்தக் காலனியிலிருந்து, கையகல நிலம்கூட இல்லாத வாலிபர்கள் கப்பலேறிப் போனார்கள். துப்பாக்கி பிடிக்க இல்லை. ஈராக்கில் இருக்கிற பஸ்ராவில் கோவேறு கழுதை மேய்க்க, அதன் முதுகில் மூட்டை ஏற்ற. போனவர்கள் திரும்பினார்கள். மாசிலாமணி என்று ஒருவன் மட்டும் திரும்பவில்லை. கல்யாணமான சூட்டோடு போனவன்.

ஆராதனையில் சமாதானம் கொடுப்பார்கள். ஆயர் முன்வரிசையில் இருப்பவரின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து, "உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக" என்பார். வாங்கியவர் திரும்பித் தன் பின்னால் நிற்பவருக்குக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு... இப்படியே கடைசி வரிசை வரைக்கும் போகும். வாங்கியதை யாரும் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

யுத்தம் முடிந்த வருஷம் கடைசி ஆளாக வாசலை ஒட்டி நின்றவள் மாசிலாமணியின் பெண்டாட்டி. சமாதானம் அவள் கைக்கு வந்தது. "எல்லாரும் வாங்கிக்கினீங்க. எம் புருசனுக்கு ஆரு குடுப்பா?" என்று கேட்டாளாம். அவளே திரும்பி, வாசலுக்கு வெளியே இருட்டில் இரண்டு கையையும் நீட்டினாள். சமாதானம் சொன்னாள். கையை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அதுவே வழக்கம். அவள் காலத்துக்குப் பிறகு அவளுடைய தங்கை வழியில் வந்த பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். இப்போது இசைவாணி. அந்த நேரத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள், அழுகிறவர்கள் அழட்டும் என்று. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விளக்கை அணைக்கிறார்கள்... யாரும் பார்ப்பதில்லை... பெண்டாட்டி வெளியே கை நீட்டுகிறாள்... அறிவுச்செல்வனுக்கு இது போதாதா?

போன வருஷம் ஆராதனை முடிந்து பைக்கில் ஏறும்போது தற்செயலாக அவள் கையைப் பிடித்தான். கிணற்றுக் கயிறு மாதிரி சில்லென்று ஈரமாக இருந்தது. ஒரு வாடையும் வந்தது. வியர்வை, நனைந்த தோல், ஏதோ மிருகத்தின் ரோமம்... ஆம்பிளை வாடை என்று இவன் முடிவு கட்டினான். "வெளிய ஆரு நின்னது?" என்று கேட்டான். "ஆரும் இல்லியே" என்றாள். ஆனால் ஒரு நொடி தாமதித்துச் சொன்னாள். அந்த ஒரு நொடியை அவன் ஒரு வருஷம் மென்றுகொண்டிருந்தான்.

ஆளையும் கண்டுபிடித்துவிட்டான். வல்லரசு. சர்ச்சுக்கு மைக் செட் போடுகிறவன், இசைவாணியோடு பள்ளிக்கூடம் படித்தவன். மெயின் சுவிட்ச் இருப்பது வெளிச்சுவரில். விளக்கை அணைப்பவன் அவன்தான். வீட்டில் இரண்டு எருமை வேறு வைத்திருக்கிறான். மிருக வாடைக்கும் கணக்கு சரியாகிவிட்டது.

நச்சரிப்புத் தாங்காமல் போன மாதம் இசைவாணி சொல்லிவிட்டாள். "இன்னொரு தபா என்னைச் சந்தேகப்பட்டீங்கன்னா பைய எடுத்துக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன். அப்புறம் திரும்பி வர்ற ஆளு நான் இல்ல." அவள் சொன்னால் செய்கிறவள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு, "எனக்கு விழுப்புரத்துல வேலை இருக்குது, நீ பஸ்ல போய்க்கோ" என்று பொய் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, பின்னாலேயே கிளம்பினான்.

பைக்கை ஏரிக்கரையில் ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினான். மல்லாட்டைக் கொல்லை வழியாக, வேர்க்கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு நடந்தான். தவளைச் சத்தம். தூரத்தில் ஆர்மோனியம்... பாட்டு முடிந்தது. சர்ச் கதவை ஒட்டி, சுவர் நிழலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வல்லரசு சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். டக். விளக்குகள் அணைந்தன. உள்ளே முன்வரிசையிலிருந்து முணுமுணுப்பு ஆரம்பித்தது. உங்களுக்குச் சமாதானம்... உங்களுக்குச் சமாதானம்... ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் நகர்ந்து வந்தது. அறிவுச்செல்வன் பீடிக் கங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது நகரும்... இப்போது நகரும்...

கங்கு நகரவே இல்லை. வல்லரசு இருந்த இடத்திலேயே இருந்தான்.

கதவிடுக்கில் வளையல் சத்தம். இரண்டு கைகள் வெளியே நீண்டன. அவன் பெண்டாட்டியின் கைகள்.

அப்போதாவது அவன் ஒதுங்கிப் போயிருக்கலாம். சந்தேகம் பிடித்தவனுக்கு ஒன்று தீர்ந்தால் இன்னொன்று முளைக்கும். இன்றைக்கு வரவேண்டியவன் வரவில்லை, அவ்வளவுதான். இருட்டில் நாம் பிடித்தால் யார் பெயரைச் சொல்கிறாள், பார்த்துவிடலாம் என்று நினைத்தான். பிடித்துவிட்டான்.

"உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக" என்றாள் இசைவாணி. வேறு எந்தப் பெயரும் சொல்லவில்லை. அவள் கை வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தது. உடனே இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவன் கையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்... பிறகு ஆச்சரியமாக, மெல்லச் சொன்னாள்.

"இந்த வருசம் கை சுடுதே..."

கைகள் உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது.

அறிவுச்செல்வன் அப்படியே நின்றான். இந்த வருசமா? அப்படியென்றால் மற்ற வருஷங்களில்? நினைத்து முடிப்பதற்குள் அந்த வாடை வந்தது. நனைந்த தோல். மிருகத்தின் ரோமம். எங்கோ இரும்பு வளையம் ஒன்று கிணுங்கென்றது. அவன் பிடரியில் பட்ட காற்று தூறல் காற்று இல்லை. மூச்சு.

அவனுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றிருந்தார்கள்.

பயமுறுத்தவில்லை, தொடவில்லை. வெறுமனே நின்றார்கள். ரேஷன் கடை வரிசையில் அடுத்த ஆள் நிற்பானே, அப்படி. முறை வரும் என்று காத்து... பொறுமையாக.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வாங்கிவிட்டான், திரும்பிக் கொடுக்க வேண்டும். கையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் கழுத்து திரும்ப மறுத்தது. நீங்களாக இருந்தால் திரும்பியிருப்பீர்களா? நானும் மாட்டேன்.

விளக்குகள் எரிந்தன. அவன் ஓட்டமும் நடையுமாகச் சுவிட்ச் போர்டைத் தாண்டும்போது வல்லரசு பீடியை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா மாமா, ரெண்டு பேரும் மழைல நின்னுக்கினு கீறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

அறிவுச்செல்வன் மல்லாட்டைக் கொல்லையில் விழுந்து எழுந்து ஓடினான். பின்னால் யாரும் ஓடி வரவில்லை. நடந்து வருகிற சத்தம்தான் கேட்டது. சதக்... சதக்... அவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த நடைச் சத்தம் அதே தூரத்தில் இருந்தது. பைக்கை உதைத்துக் கிளப்பினான். திண்டிவனத்தில் வீடு வருகிற வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும், இரண்டு பேர் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ, அப்படிப் பின்சக்கரம் அமுங்கி எழுந்தது.

வீட்டில் எல்லா லைட்டையும் போட்டுவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். எட்டு மணி வாக்கில் இசைவாணி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வெளிய நின்னது நீங்கதானே? மோதிரம் கைல குத்துச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க சந்தேகம் தீந்துதா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஆமாங்க, வருசா வருசம் ஒரு கை வந்து வாங்கிக்கும். ஜில்லுனு இருக்கும். எனக்கு முன்னால வாசல்ல நின்ன எங்க சின்னம்மாவுக்கும் அப்படித்தான். பயமே வராது... பாவம், ஊடு வந்து சேராத மனுசன், நம்ம கையாலயாவது ஒரு நல்ல வார்த்தை வாங்கிக்கினு போவுதேன்னு இருக்கும். சொன்னா நீங்க நம்புவீங்களா? அதான் சொல்லல."

பீரோவைத் திறந்தாள். பையை எடுத்தாள். புடவைகளை வைத்தாள். பாதியில் நிறுத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கைலருந்து வாங்கினத அவருகிட்ட குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன்" என்றான் அறிவுச்செல்வன்.

ஒரு நொடி தாமதித்துத்தான் சொன்னான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு ஜிப்பை இழுத்து மூடினாள். "காலைல மொதல் பஸ்ஸுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மழை வலுத்தது. கரண்ட் போயிற்று.

மெழுகுவத்தி சமையலறையில் இருந்தது. தடவித் தடவிப் போனான். தீப்பெட்டி கிடைத்தது, நமுத்திருந்தது. ஒரு குச்சி... இன்னொரு குச்சி... பற்றவில்லை. அங்கேயே நின்று யோசித்தான். மானம் மரியாதையெல்லாம் பார்த்தால் இவள் போய்விடுவாள். இவள் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள்? போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான். அவனுக்குக் கண் கலங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் நல்ல மனிதனாகத்தான் இருந்தான். வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். இசை, தப்பு எம்மேலதான்...

அறையில் கட்டில் கிறீச்சென்றது. யாரோ ஓரத்தில் உட்கார்கிற சத்தம்.

"விடுங்க" என்றாள் இசைவாணி, கோபமாக. பிறகு வளையல் சத்தம் கேட்டது. "...இன்னாங்க, கை இப்படி ஈரமா இருக்குது? மழைல நனைஞ்சீங்களா?"

அறிவுச்செல்வன் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் தீப்பெட்டி. ஒரு கையில் குச்சி. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"சரி... சரி, அழாதீங்க" என்றாள் அவள். அவள் குரலில் கோபம் கரைந்துபோயிருந்தது. எத்தனையோ வருஷமாக அவனிடம் பேசாத குரல் அது. "நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வாணாம். தேடி வந்து கை குடுத்தீங்களே, எனக்கு அது போதும். நான் எங்கயும் போவல. இங்கயே உங்க கூடத்தான் இருப்பேன். அந்தப் பைய எடுத்து பீரோ மேல வெச்சிட்டு வந்து படுங்க."

பை பீரோ மேல் ஏறுகிற சத்தம் கேட்டது.

"இனிமே என்னைச் சந்தேகப்பட மாட்டீங்களே?" என்று கேட்டாள் இசைவாணி.

"ம்ஹும்..." என்றது ஒரு ஆண்குரல்.