மூன்று படிக்கு ஒரு சாய்தளம்

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

தாளின் வலது மூலையில் தேதி போடாமல் எதையும் எழுதத் தொடங்கக்கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். விடுப்புக் கடிதமானாலும் மளிகைச் சீட்டானாலும் என் கை முதலில் அந்த மூலைக்குத்தான் போகும். நேற்று நீங்கள் மேசைமேல் வைத்துக் காட்டிய தாளிலும் அப்படித்தான். அந்தத் தேதியைப் பற்றித்தான் கேட்டீர்கள். வாயால் சொன்னால் முன்பின்னாகிவிடும். ஆகவே முதலிலிருந்து எழுதித் தருகிறேன்.

என் மனைவி கேட்டது ஒரு சின்ன வேலை. எங்கள் குளியலறைத் தரை இருபத்திரண்டு வருடப் பழசு, தேய்ந்து சோப்புக்கட்டி போல் ஆகியிருந்தது. அவளுக்கு முழங்கால் சரியில்லை. "வேற ஒண்ணும் வேண்டாங்க. வழுக்காத தரை, பிடிச்சுக்க ஒரு கைப்பிடி. அது போதும்" என்றாள். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு ஐந்து நாள் வேலை என்றார்.

அப்போது நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் என் பிரிவில் பதினான்கு பேர். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று என்னைக் கேட்காமல் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, காபி வேண்டுமா என்று மனைவி கேட்பதைத் தவிர.

வேலை தொடங்கிய அன்று காலை எட்டரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், தச்சர் என்று ஐந்து பேர்.

"சார், தண்ணி லைனை எங்க அடைக்கிறது?"

"சார், இந்தக் கதவு இருக்கட்டுமா, கழட்டிடலாமா?"

"சார், தண்ணி ஓடுற வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கிறது?"

கால் மணி நேரத்தில் பதினோரு கேள்விகள். எண்ணினேன். அன்று மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினேன், ஐயா. மாடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மாதான் ஏறினேன்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் பெரிய அட்டவணை ஒன்று ஒட்டினேன். கொத்தனாருக்குச் சிவப்பு, பிளம்பருக்கு நீலம், எலக்ட்ரீஷியனுக்கு மஞ்சள், பெயின்டருக்குப் பச்சை, தச்சருக்குப் பழுப்பு. குழாய் போனபின்தான் சுவர் மூட வேண்டும், ஒயர் போனபின்தான் பூச வேண்டும், பூச்சு காய்ந்தபின்தான் டைல்ஸ். ஒருவர் கையை எடுக்கும் நொடியில் அடுத்தவர் கை வைக்க வேண்டும். அது சரியாக நடந்துவிட்டால் வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போல் இருக்கும். மஞ்சள் ஹெல்மெட் ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆறடிக்கு நாலடி பாத்ரூம். அதுக்கு ஹெல்மெட்டா? பாலமா கட்டப் போறீங்க?"

"விடுங்கக்கா" என்றார் கொத்தனார். "சார் தலையில எதாச்சும் விழுந்துட்டா எங்களுக்கு யாரு டீ சொல்லுவாங்க?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கடைசியாக நிறுத்தினேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் எனக்கு 'எஞ்சினியர்' என்று பெயர் வைத்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்காம் நாள் பகலில் தரை போட்டு முடிந்தது. "நாளைக்கு டைல்ஸ் இடுக்கைப் பூசி முடிச்சா கிளம்பிடலாம் சார்" என்றார் கொத்தனார், சிமென்ட் கரண்டியைக் கழுவிக்கொண்டே. அவர்கள் கொல்லைப்புறத்தில் சாப்பிட உட்கார்ந்ததும் நான் உள்ளே போய், தண்ணீர் போகும் துளைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு டைல்ஸைக் குதிகாலால் அழுத்தினேன். அடியில் சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது. போட்ட தரை பலமாக இருக்கிறதா என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

மறுநாள் அங்கே தண்ணீர் தேங்கி நின்றது. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "போட்டப்ப சரியாத்தானே சார் இருந்துச்சு?"

"பரவாயில்ல, எடுத்துட்டுப் போட்டுடலாம்" என்றேன் பெருந்தன்மையாக. அட்டவணையில் மேலும் ஆறு கட்டங்கள் நிறம் பெற்றன.

பிறகு அது கைப்பழக்கமாகிவிட்டது. சுவரில் பிளம்பர் போட்ட பென்சில் குறியை அழித்து இரண்டு விரல் மேலே போட்டேன். குழாய் வந்து அலமாரியில் இடித்தது. இணைப்பில் இருந்த வாஷரை உருவி எடுத்தேன். கசிவில் பெயின்ட் உப்பியது, சுவரைச் சுரண்டி மறுபடி அடித்தார்கள். ஐந்து நாள் வேலை நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் என் மனைவி பின்வாசலில், தகரத் தடுப்புக்குள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊற்றிக் குளித்தாள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அவசரப்பட்டுச் செய்கிற வேலை நிற்காது.

இந்த மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை, அவள் ஐந்து பேரையும் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அடுத்த வெள்ளிக்குள்ள முடிக்கணும். அதுக்கப்புறம் எவனாச்சும் கரண்டியைத் தூக்கிட்டு உள்ள வந்தீங்க, அதைப் பிடுங்கி உங்க எஞ்சினியர் சார் மண்டையிலயே போட்டுடுவேன். நல்லவேளை, ஹெல்மெட்டு போட்டிருக்காரு."

பெயின்டர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அட்டவணையைப் பார்த்தேன். பதினைந்தாம் தேதிக்கு அப்பால் எல்லாக் கட்டங்களும் வெள்ளையாக இருந்தன.

அன்று பிற்பகல் உட்கார்ந்து வரைந்ததுதான் உங்களிடம் இருக்கும் தாள். எங்கள் வாசலில் மூன்று படி, மொத்தம் பதினெட்டு அங்குல உயரம். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏற, அங்குலத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆகவே பதினெட்டு அடிச் சாய்தளம். இரண்டு பக்கமும் இரும்புப் பிடி. படுக்கையறைக் கதவை அரை அடி அகலமாக்க வேண்டும், ஸ்விட்ச்சுகளைக் கீழே இறக்க வேண்டும். ஏழு வாரம். முக்கியமாக, வெல்டர் ஒருவர் வர வேண்டும். அதுவரை எங்கள் வீட்டுக்கு வெல்டர் வந்ததே இல்லை. அவருக்கு ஆரஞ்சு நிறம் ஒதுக்கி, அந்தக் கட்டங்களை இரண்டு தடவை தீட்டினேன், குஷியில்.

தச்சரிடம் காட்டினேன். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"யாருக்கு சார் இது? வீட்ல யாரும் வீல்சேர்ல இல்லையே?"

"இப்போதைக்கு இல்ல. தேவைப்படும்."

மரத்துக்கு அளவு பார்க்கிறேன் என்று அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிற்பாடு அதை உங்களிடம் கொண்டுவந்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தாளைக் கசங்காமல் வைத்திருந்திருக்கிறார், நல்ல வேலைக்காரர்.

பதினான்காம் தேதி வேலை முடிந்தது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு குறை கிடைக்கவில்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சொரசொரப்பான புதுத் தரையில் நாலு நடை நடந்தாள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "இப்பதாங்க பயமில்லாம கால் வைக்கிறேன்" என்றாள். "லேட்டானாலும் நல்லா செஞ்சு குடுத்திருக்கீங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்குக் கிடைத்த அந்தப் பாராட்டை நான் மறக்கமாட்டேன்.

மறுநாள் காலை அவள் காபி போட்டுக்கொண்டிருந்தபோது, தச்சர் கதவுக்குப் பூசிய மெழுகுப் பாலிஷில் மீதமிருந்ததை எடுத்துத் தரையில் மெல்லிசாகத் தேய்த்தேன். கால்தடம் விழாமல் இருக்க, உள்மூலையில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்னால் நகர்ந்தேன். கைப்பிடியின் நான்கு ஸ்க்ரூவையும் மும்மூன்று சுற்று தளர்த்தினேன். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது, எந்த வேலையையும் நான் அவ்வளவு கச்சிதமாகச் செய்ததில்லை. பிறகு அவளோடு உட்கார்ந்து காபி குடித்தேன். துண்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

கணுக்கால் என்றுதான் மதிப்பிட்டிருந்தேன். இடுப்பெலும்பாகிவிட்டது. வீட்டு வேலையில் மதிப்பீடு கொஞ்சம் கூடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் என்னிடம்தான் சொன்னாள்: "கைப்பிடி கையோட வந்துடுச்சுங்க." பார்க்க வந்த கொத்தனார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் அக்கா சரியா முடுக்கலையோ என்னவோ." நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தச்சர் மட்டும் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன். இதை நான் ஒருவனாக, தெரிந்து, திட்டமிட்டுச் செய்தேன். கொத்தனார் ஸ்க்ரூவை நன்றாகவே முடுக்கியிருந்தார்; எனக்கு மணிக்கட்டு வலித்தது. அவரிடம் இதைத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அடுத்த வேலைக்கு அவர் மனம் தளராமல் வர வேண்டும்.

என் மனைவி இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டாளாம், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரும் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த வீட்டு வாசலில் ஐந்து படி இருக்கிறது, முப்பது அங்குலம். பதினெட்டு அடி போதாது, முப்பது அடி வேண்டும், நடுவில் நின்று இளைப்பாற ஒரு மேடையும் வேண்டும். குளியலறைத் தரை எப்படி என்று எனக்கு நினைவில்லை, யாராவது பார்த்து எழுதினால் நல்லது. அவள் பாதுகாப்பை நான் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்.

புது வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்த முறை அவள் விழுந்த பிறகுதான் வரைந்திருக்கிறேன். வலது மூலையில் தேதியைப் பாருங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.