மறையத் தொடங்கிய திட்டுகள்

கேமராவுக்கு முன்னால் நின்றதும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எல்லாருக்கும் குழப்பம் வந்துவிடும் சார். என் மனைவிக்கு மட்டும் அது இல்லை. அவள் கை தானாக முகத்துக்குப் போய்விடும். உதட்டைச் சுற்றியும் கண்ணோரத்திலும் வெண்திட்டுகள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து நின்றுகொண்டே வருவாள். ஒட்டிக்கொள்ளுமாம்.

அந்தக் கையை விலக்கியவன் நான். கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த என்னைக் கலைஞனாக்கியது அவள் முகம். கண்காட்சியில் ஆளுயரத்துக்குத் தொங்கிய அந்தப் படத்தின் முன்னால் ஜனங்கள் கண்கலங்கினார்கள். "குறைன்னு ஒண்ணுமே இல்லைங்க, நாமதான் அப்படிப் பாக்கறோம்" என்று மேடையில் பேசினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவளும் தட்டினாள்.

பிறகு எனக்குச் சொல்லாமல் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். அவர் கொடுத்த களிம்பு வேலை செய்தது. உதட்டோரம் நிறம் திரும்பியது. அடுத்த கண்காட்சிக்கும் அவள் முகம்தான், மண்டபம் பேசியாகிவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"இப்படியே இரேன். நீ அழகுதானே?"

"நான் அழகா இருக்கணும்னு யாருங்க கேட்டா? ஒருநாளாவது யாரும் திரும்பிப் பாக்காம பஸ்ல போய்ட்டு வரணும். அவ்வளவுதான்."

அந்த ஆசையில் எனக்கு இடமே இல்லை, கவனித்தீர்களா?

முதலில் களிம்பு டப்பாவில் வெறும் கிரீமை அடைத்து வைத்தேன். பலிக்கவில்லை, வந்த நிறம் போகவில்லை. அப்புறம்தான் தோலை வெளுக்க வைக்கும் மருந்து ஒன்றை வாங்கிக் கலந்தேன். அளவு எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லையே.

அவள் கத்தியபோது அடுத்த அறையில்தான் இருந்தேன். கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். "என்னங்க, தண்ணி... தண்ணி" என்றாள். பக்கெட் எட்டும் தூரத்தில் இருந்தது. கேமராவும் இருந்தது. அப்படியொரு முகம் இன்னொரு தடவை கிடைக்காது. படம் எடுத்து முடித்த பிறகு தண்ணீர் ஊற்றினேன்.

பார்வை திரும்பாது என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். என்னை உள்ளே விட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாளாம். இருக்கட்டும். வாக்குமூலத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் நான்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் சார்.