இரண்டு பட்டை, ஒரே துடிப்பு

இந்தக் காலத்தில் யாரும் வாசல் மணியை அடிப்பதில்லை ஐயா. கவனித்திருக்கிறீர்களா? கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருப்பவனுக்குச் செய்தி அனுப்புகிறார்கள், 'வந்துட்டேன்' என்று. உள்ளே இருப்பவன் அதற்கு ஒரு கட்டை விரலை அனுப்பிவிட்டு, அப்புறம் எழுந்து வந்து திறக்கிறான். இடையில் இருப்பது ஒரு பலகை. என் வீட்டு மணி துருவேறி ஊமையாகக் கிடந்தது. நான்தான் திருகாணியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். யாராவது ஒருநாள் அடித்தால் காதில் விழட்டும் என்று.

உங்கள் கையில் இருக்கிற போனும் மின்னுகிறது. பார்த்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். காத்திருப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. என் மனைவி காலையிலேயே இறந்துவிட்டாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் கைப்பட்டையோ அவள் இதயம் மதியம் தாண்டியும் நன்றாகத் துடித்ததாகக் காட்டுகிறது. அது எப்படி என்கிறீர்கள். சொல்கிறேன். எனக்குப் படிப்பு கிடையாது, சுற்றி வளைக்கவும் வராது. நடந்ததை நடந்தபடி சொன்னால் உங்களுக்கும் வேலை குறையும், நானும் போய்ப் படுக்கலாம். அலுத்துவிட்டது.

அந்தப் பட்டையை வாங்கி வந்தவன் என் மகன். வாட்ச் என்றுதான் சொன்னான். மணி பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிற வாட்ச். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நடந்தால் எண்ணும், படுத்தால் எண்ணும், இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்த்து மகனுடைய போனுக்கும் மகளுடைய போனுக்கும் சொல்லும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு பச்சை வட்டம் வரும். விழுந்தாலோ துடிப்பு தவறினாலோ சிவப்பாகிக் கத்தும். இரண்டு பேருக்கும் கத்தும், கூடவே கீழ்வீட்டு நர்ஸம்மாவுக்கும் கத்தும். அவளையும் சேர்த்துவிட்டுத்தான் போனான். கெட்டிக்காரப் பிள்ளைதான், குறை சொல்லவில்லை.

"இது இருந்தா நாங்க பக்கத்துலயே இருக்கிற மாதிரிப்பா" என்றான்.

"இருக்கிற மாதிரி எதுக்குடா? இருந்துட்டாப் போச்சு" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் இவள். "பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்தா, வாயில நல்ல வார்த்தை வருதா பாரு. நீ எனக்குக் கட்டி விடுடா."

அவள் மணிக்கட்டு ஒல்லி. கடைசி ஓட்டையில் மாட்டியும் நழுவியது. அவளுக்கு அதில் அத்தனை பெருமை. கண்ணாடி வளையல் போட்ட பெண்ணைப் போலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் வரும். முதலில் மகன், அப்புறம் மகள். இவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து பேசுவாள். முழங்கால் வலியில் ஆரம்பித்து, எதிர்வீட்டுச் சண்டை, தண்ணீர்க் குழாய், நான் சொன்ன பொய், நான் சொல்லாத பொய் எல்லாம் போகும். கடைசியில் "அப்பாகிட்டக் குடுக்கவா?" என்பாள். "வேண்டாம்மா, நாங்க கேட்டதா நீயே சொல்லிடு" என்பார்கள். பரவாயில்லை. கேட்டதாகச் சொல்லவாவது ஒரு பேச்சு இருந்தது.

பட்டை வந்த பிறகு அது தேய்ந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அப்புறம் அதுவும் இல்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் இதயம் வரும், கட்டை விரல் வரும், கைதட்டுகிற பொம்மை வரும். ஒருநாள் நானே போட்டுக் கேட்டேன். "என்னடா, அம்மா எப்படியிருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"நேத்துகூடப் பார்த்தேனேப்பா. பச்சையா இருக்காங்க. அப்புறம் என்ன?"

பச்சையாக இருக்கிறாள். பெற்ற தாயைச் செடி மாதிரிச் சொல்கிறான். இவளோ அவனுக்கு வக்காலத்து வாங்கினாள். "அவனுக்கு ஆயிரம் வேலை. பாக்காம இருந்தாத்தானே தப்பு? தினமும் பாக்குறான்ல?"

"வட்டத்தைப் பாக்குறான். உன்னை இல்ல."

"உங்களுக்கு யாரும் இதயம் போடலைன்னு பொறாமை."

பொறாமை இல்லை ஐயா. எனக்கு இந்த வித்தை பழசு. நான் கிடங்குகளில் காவலாளியாக இருந்தவன். காவலாளி தூங்காமல் சுற்றுகிறானா என்று பார்க்க முதலாளிகள் ஒரு கடிகாரம் வைத்திருப்பார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிடங்கின் மூலைக்கு மூலை ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். அங்கே போய் அந்தச் சாவியைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்பினால், உள்ளே இருக்கிற தாளில் புள்ளி விழும். ஆள் வந்தான் என்று அர்த்தம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சாவிகளையெல்லாம் சங்கிலியிலிருந்து கழற்றி வந்து ஒரே அறையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். தாளில் நான் விடிய விடிய நடந்திருப்பேன். மேலாளர் அதைப் பார்த்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சாவி திரும்பியதற்கும் ஆள் போனதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு அன்றே தெரியும்.

அதைத்தான் இவளுக்கும் காட்ட நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

அவள் குளிக்கப் போகும்போது பட்டையைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைப்பாள். ஒருநாள் அதை எடுத்து என் இன்னொரு கையில் கட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வருவதற்குள் குரூப்பில் திருவிழா. 'அம்மா கலக்குறாங்க' என்று மகள். 'முட்டிவலி போயே போச்சு' என்று மகன். மருமகள் மூன்று கைதட்டல். முட்டிவலிக்காரி முக்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் அவளும் சிரித்தாள். "அட கிறுக்கு மனுஷா" என்றாள். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. மூன்றாவது நாள் மகள் ஒரு படம் போட்டாள். எங்கள் இரண்டு பேருடைய இதயக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நின்றது. பொருந்தாமல் என்ன செய்யும்? இரண்டு பட்டையும் என் கையில்தானே இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'இத்தனை வருஷம் கழிச்சும் ஒரே துடிப்பு. இதுதான் காதல்.' மகன் அதற்கு இதயம் போட்டான். மருமகளின் அம்மாகூட இதயம் போட்டாள்.

இவள் அதை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"போதும். குடுங்க அதை."

"இரு. ஒருத்தனாவது போன் பண்ணட்டும். 'இரண்டும் எப்படி ஒண்ணா இருக்கு, ஏதோ கோளாறா'ன்னு ஒருத்தன் கேக்கட்டும். அன்னிக்கே கழட்டித் தரேன்."

"கேக்கலைன்னா?"

"அப்ப நான் சொன்னது சரி."

"நீங்க சொன்னது சரியா இருந்து எனக்கு என்னங்க ஆகப் போகுது?" என்றாள். நான் பட்டையைக் கொடுக்கவில்லை. அவளுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை போட மறப்பாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்.

அந்தக் காலை நான் பால்கனியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்து முடித்ததும் இவள் அதை ஒரு பையில் போட்டுக் கயிற்றில் கீழே இறக்குவாள். கீழே நர்ஸம்மா எடுத்துக்கொள்வாள். எடுத்ததும் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவாள். இவளும் மேலேயிருந்து சுண்டுவாள். இரண்டு பொம்பளைகளுக்கும் அது தினப்படி விளையாட்டு.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. பாத்திரத்தோடு ஆளும் விழுந்த சத்தம். அது வேறு மாதிரி இருக்கும்.

போனேன். ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் தெளிவாக இருந்தது, என்னைத்தான் பார்த்தது. பேச முயன்றாள், சொல் வரவில்லை. நல்ல கையால் மற்ற கையின் மணிக்கட்டைத் தடவிக் காட்டினாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு இருந்தது. அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று வக்கீல் சொல்லச் சொல்வார். நான் சொல்ல மாட்டேன்.

துண்டை மடித்து அவள் தலைக்கு வைத்தேன். முகத்தைத் துடைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பட்டை என் கையில் இருந்தது. பச்சை.

இனித் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பெற்ற தாய் தரையில் கிடக்கிறாள். இரத்த பாசம் என்று ஒன்று உண்டென்றால், எங்கோ ஒருத்தனுக்காவது மனசு உறுத்தி போன் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் நான் தோற்றேன், அந்த நிமிஷமே வண்டியைக் கூப்பிட்டிருப்பேன். போன் சிணுங்கியது. மகள்தான். பேச அல்ல. 'குட் மார்னிங் மா, இன்னிக்கும் சூப்பர்' என்று எழுதி ஒரு பூ.

அதை அவள் கண்ணெதிரே பிடித்துக் காட்டினேன். "பாத்தியா?" என்றேன்.

பார்த்தாள். கண்ணோரம் தண்ணீர் வந்தது. ஒத்துக்கொண்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் நாங்கள் பேசினோம். நான் பேசினேன், அவள் கேட்டாள். கல்யாணமான புதிதில் குடியிருந்த ஒற்றை அறை, ஒழுகுகிற கூரைக்குக் கீழே அவள் வைத்த வாளி, அந்த வாளிக்கு நான் வைத்த பெயர், எல்லாம் சொன்னேன். எத்தனையோ வருஷமாக நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. ஐயா, நான் அவளைப் போட்டுவிட்டு ஓடவில்லை. அவ்வளவு பேர் அவளைப் பார்த்தார்களே, அதில் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கை எப்போது குளிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பட்டையைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. மதியத்துக்குமேல் இறங்கிப் போய் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்க பெரியவரே" என்றார். அவர்கள் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை அது.

அவள் பட்டையை நான் கழற்ற மறந்தேன். மகன் வந்து, அழுது, அப்புறம் போனைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்பா, அம்மா போனப்புறமும் எப்படித் துடிச்சிருக்கு?" என்றான். முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டான். இத்தனை நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன்தான் உங்களிடம் வந்தான். அந்தக் கருவி என்னைக் காட்டிக்கொடுத்தது என்கிறீர்கள். இருக்கட்டும். செத்த பிறகு உண்மை சொல்கிற சாமான் யாருக்கு வேண்டும்?

இன்னும் ஒன்று கேட்டீர்கள். நர்ஸம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. ஆமாம், வந்தாள். மகளின் பூ வந்து கொஞ்ச நேரத்தில். பேப்பர்ப் பை இறங்கவில்லை என்று கீழேயிருந்து கயிற்றைச் சுண்டிப் பார்த்திருக்கிறாள். பதில் வராததால் படியேறி வந்தாள். செய்தி அனுப்பவில்லை. மணியை அடித்தாள். நான் மாட்டிய மணி, கணீரென்று கேட்டது.

"அக்கா. பேப்பர் வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இவள் கண் கதவுப் பக்கம் போனது. தொண்டையில் ஒரு சத்தம் புறப்பட்டது. தூக்கத்தில் சிணுங்குகிற பிள்ளைக்கு வைப்பது போல அவள் உதட்டின்மேல் மெல்லக் கை வைத்தேன். "இரு" என்றேன். நர்ஸம்மா உள்ளே வந்திருந்தால் எல்லாம் சரியாகிப் போயிருக்கும். மகனும் மகளும் எப்போதும்போல ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பார்கள். இரண்டாவது தரமும் மணி அடித்தது. மூன்றாவது தரமும். அப்புறம் செருப்புச் சத்தம் படியிறங்கியது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? சரி. உங்கள் கையில் போன் மறுபடி மின்னுகிறது ஐயா, வீட்டிலிருந்தாக இருக்கும். பேசுங்கள். நான் இந்தக் காவலரோடு நடக்கிறேன், வழி தெரிகிறது.

ஏன் திறக்கவில்லை என்று இன்னும் என்னையே பார்க்கிறீர்கள். நர்ஸம்மா எங்களைத் தேடித்தான் வந்தாள் என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும் என் மனசு ஒப்பாது. எங்கள் வீட்டுக்கு யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை. அவள் பேப்பருக்கு வந்தவள்.