மூன்றாவது ஓட்டம்

தூண்டில் ரீல் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கிறார்கள். இதை என் மேசையில் வைத்ததும் நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். தவறில்லை. ஆனால் கைப்பிடி, நாம் மீனை இழுப்பதைப் பற்றித்தான் சொல்லும். பெரிய மீன் என்றால், அது நம்மை இழுப்பதுதான் முதலில் நடக்கும்.

இந்தக் கோனாக் கரையில் ரீலைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். போலீஸ்காரரான நீங்களும் வந்திருக்கிறீர்கள். லோபாகாவின் உடலோடு தோள்வாரின் கொக்கி மாட்டியபடி கிடைத்த ரீல் இது, தூண்டில் நரம்பு அறுந்திருக்கிறது, இதில் என்ன கோளாறு என்று கேட்கிறீர்கள். பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்காமலே சொல்கிறேன்.

உள்ளே பிரேக் தட்டுகள் இருக்கின்றன. மார்லின் போன்ற பெரிய மீன் ஓடும்போது அவை வழுக்கி, நரம்பை விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுப்பதால்தான் நரம்பும் அறுவதில்லை, ஆளும் படகிலேயே நிற்கிறான். வழுக்கினால் சூடு ஏறும், சூட்டில் உலோகம் பருக்கும், அதற்கு இடம் விட்டு ஒரு வாஷர் வைத்திருப்பார்கள். நகத்தின் கனம்கூட இருக்காது. இந்த ரீலில் அது இல்லை. முதல் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதிலும் தெரியாது. மூன்றாவது நீண்ட ஓட்டத்தில் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிரேக்கைத் தளர்த்தும் லீவரைப் பின்னால் தள்ளினாலும் விடாது.

ஒரு சுற்றுலாக்காரர் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்பி வராமலே போன ரீல் இது. மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கி, நரம்பின் நுனியை என் வண்டியில் கட்டி, கடைக்குப் பின்னால் இருக்கும் எரிமலைப் பாறைப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை வைஸ், மேசைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதன் பிறகும் இரண்டு நாள் அதே சோதனையைச் செய்தேன். ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்வது என் வழக்கமில்லை.

வாஷர் அந்த இழுப்பறையில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. பொருத்தப் பத்து நிமிடம் ஆகும்.

லோபாகாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருபத்தாறு வருடம் வாடகைப் படகில் சுக்கான் பிடித்தவன். அவன் காட்டிய தண்ணீரில் எத்தனையோ பேர் மீன் பிடித்து, மீன்பிடி கிளப் சுவரில் இருக்கும் பலகையில் பெயர் எழுதிக்கொண்டார்கள். அவன் பெயர் அதில் இல்லை. முழங்கால் கெட்டு வேலையை விட்டபோது, தன் பெயரில் ஒரே ஒரு மீன் வேண்டும் என்று ஆசைப்பட்டான். மனைவி மோமியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"டேய் சேய்ஜி, எனக்கு ஒரு ரீல் எடுத்துக் குடுடா. நின்னுக்கிட்டே இழுக்கப்போறேன். நாற்காலியில உக்காந்து இழுக்கறதெல்லாம் கிழவனுங்களுக்கு."

"நீ என்ன குமரனா?" என்றாள் மோமி. "ரெண்டு படி ஏறினா முட்டி கத்துது, ஊருக்கே கேக்குது."

"அந்தச் சத்தம் கேட்டுத்தான் மீனே வரும்."

அவள் என்னிடம் திரும்பினாள். "நீங்க கூடப் போறதால விடுறேன் சேய்ஜி. வேற யாரு போனாலும் விடமாட்டேன்."

இரண்டு ரீல்களை மேசைமேல் வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதை எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவன் இரண்டின் கைப்பிடியையும் சுற்றிப் பார்த்தான்.

"இது பால் மாதிரி ஓடுது. அது என்னடா, பாட்டி மாதிரி முனகுது?"

"உனக்குப் பிடிச்சதை எடு," என்றேன்.

நல்ல ரீலுக்கு அன்று காலை கெட்டி கிரீஸ் போட்டிருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்தது அவன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்குப் பதினோரு வருடம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் விளையாட்டில் ஒரு விதி உண்டு. மீன் கடித்த நொடியிலிருந்து அது படகருகே வரும்வரை, பிடிப்பவனைத் தவிர வேறு யாருடைய விரலும் கோலிலோ ரீலிலோ படக்கூடாது. பட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. அன்று எனக்கு ஒரு மார்லின் கடித்தது; லோபாகா சுக்கான் பிடிக்க, தோள்வாரின் கொக்கிகளை ரீலில் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் நின்றேன். கடைசியில் ஈரமான படகுத் தளத்தில் கால் வழுக்கி, விளிம்புக்கு வெளியே பாதி உடம்பு போய்விட்டது. லோபாகா ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்தான். மறுகை விரலால் லீவரைத் தள்ளினான். நரம்பு தளர்ந்தது. நான் தளத்தில் விழுந்தேன். மீன் அப்போதும் நரம்பில்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அவ்வளவு மெல்லிய நரம்பில் இந்தக் கரை அதுவரை பார்த்திராத பெரிய மீன். எடை போடும் மேடையில் கூட்டம். பலகையில் எழுதப் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். கிளப்காரர் வழக்கம்போல, "யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான் தொட்டேன்," என்றான் லோபாகா. "தொடலைன்னா இவன் இப்ப மீன் வயித்துல இருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். டப்பாவை மூடிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பதினோரு வருடம், பிறந்தநாள், கல்யாணம், எந்த விருந்தானாலும் பன்றிக்கறி பரிமாறி முடிந்ததும் அந்தக் கதையைச் சொல்வான். விளிம்பில் தொங்கியபோது என் முகம் எப்படி இருந்தது என்று நடித்துக் காட்டுவான். வாயைக் கோணலாக்கி, கண்ணைப் பிதுக்கி. மோமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள். "மீன் போனா போகுது, நீ இருக்கியேடா," என்று சொல்லி என் தோளைத் தட்டி முடிப்பான். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

என்னிடம் அவன் கேட்கவில்லை. தொடட்டுமா என்று ஒரு வார்த்தை. நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை முடிவு செய்ய வேண்டியவன் நான்.

போன வாரம், விடிந்து வெயில் ஏறியபின் கிளம்பினோம். படகில் ஏறும்போது என் பையைத் துழாவினான். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை.

"வாழைப்பழம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. உன்னையும் சேத்துத் தண்ணியில போடுறேன்."

"இல்லடா."

"போன தடவ மீன் கிடைக்காததுக்கு நீதான் காரணம்னு எனக்கு இன்னும் சந்தேகம்."

சாப்பிடக் கொண்டுவந்த சோற்றுக்கட்டியைப் பாதியாக வெட்ட, படகின் பின்தளத்தில் செருகியிருந்த கத்தியை எடுத்தேன். அவசரத்தில் நரம்பை அறுப்பதற்காக எந்தப் படகிலும் பிடிப்பவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் கத்தி அது. வெட்டினேன். கழுவித் துடைத்து, சுக்கான் பக்கத்தில் என்னருகே வைத்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்குக் கடித்தது. லோபாகா கொக்கிகளை மாட்டிக்கொண்டு கால்களை ஊன்றினான். முதல் ஓட்டம். நரம்பு போகும்போது ரீல் எழுப்பும் சத்தம் உங்களுக்குத் தெரியாது, நல்ல சத்தம். இரண்டாவது ஓட்டத்தில் மீன் முழுதாகத் தண்ணீருக்கு மேலே வந்தது. என்னுடையதைவிடச் சிறியதில்லை.

"பாத்தியாடா!" என்று திரும்பிச் சிரித்தான். "ரீல் என்னமா குடுக்குது பாரு. உன் கைய வெட்டிக் கிளப்புல மாட்டணும்டா."

மூன்றாவது ஓட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

மீன் இழுத்த இழுப்பில் அவன் விளிம்புக்குப் போய் முட்டுக்கொடுத்தான். அந்த முழங்கால்கள் தாங்கவில்லை. லீவரைத் தள்ளினான். மறுபடி தள்ளினான். பாரம் இழுக்கும்போது கொக்கிகளைக் கழற்ற முடியாது. கத்தி இருக்கும் இடத்தைக் கையால் துழாவினான். பிறகு என்னைப் பார்த்தான். பதினோரு வருடமாக அவன் நடித்துக் காட்டியது என் முகத்தை அல்ல என்று அப்போது தெரிந்தது. உண்மையான முகம் வேறு மாதிரி இருக்கிறது. சிரிப்பு வரவில்லை.

எனக்கும் அவனுக்கும் நடுவே நான்கு அடி. என் கையில் கத்தி இருந்தது. நான் கேட்டேன். சத்தமாக, தெளிவாகத்தான் கேட்டேன்.

"தொடட்டுமா?"

பதிலுக்குக் காத்திருந்தேன். அவனைப்போல நான் அவசரப்படவில்லை. விதி தெரிந்தவன், வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறுத்திருப்பேன். மோமியிடமும் இதை நீங்கள் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்குள் போகும்முன் அவன் என் பெயரை மட்டும்தான் சொன்னான், இரண்டு முறை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.