பத்தாம் எண்ணுக்கு என்ன ஆயிற்று

நன்றி சொல்வதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தாலும், அவர் என்ன செய்தார், அதனால் என்ன நன்மை என்று எழுதி, ‘உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி’ என்று முடிப்பேன். நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தந்தது இது. யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் சம்பளம் கிடையாது, நன்றிதான் சம்பளம் என்றார் ஆசிரியர். நான் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

நம் திட்டக் குழுவில் இருக்கிற நீங்கள் எல்லோரும் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கே சரியாகப் புரியும்.

பகலில் நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பல்வலியைவிட வரிசைதான் பெரிய வலி. கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவருக்கும், தனக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போவதைக் கண்டால் வாய் தாராளமாகத் திறந்துவிடும். அதனால் வகுப்புப் பயிற்சிக்காக ஒரு டோக்கன் நிரல் எழுதினேன். சுவரில் இருக்கும் திரையில் எண் வரும், அந்த எண்காரர் உள்ளே போவார், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். கொஞ்ச நாளைக்கு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

முதலில் வந்தவர் ஜீரோ அண்ணன். என் நிரல் அன்றன்றைக்கு முதலில் வருகிறவருக்குப் பூஜ்யம் என்று டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. “காலங்காத்தால வந்து நிக்கிறவனைப் பூஜ்யம்னு கூப்பிட்டா கோவம் வராதாம்மா?” என்று கேட்டு, திருத்தமும் அனுப்பினார். அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கிடங்கு வேலை போய் வீட்டில் இருந்தவர். தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் நீங்களும் வந்தீர்கள். முடிவெட்டும் கடைகளிலும், கண்ணாடிக் கடைகளிலும், நான் பார்த்தேயிராத ஊர்களிலும் நம் நிரல் ஓடியது. சாயங்காலமானால் குழுவில் சண்டையும் கேலியுமாகக் கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு விபரீதம் நடந்தது. நிரல் சரியாகிவிட்டது.

திருத்த ஒன்றும் இல்லாததால் ஒவ்வொருவராகப் போய்விட்டீர்கள். என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். அந்த வாரம் டாக்டரம்மாவிடம், சிகிச்சை முடிந்தவர்கள் ஏன் மறுபடி வருவதே இல்லை என்று கேட்டேன். “வலி போனவன் எதுக்கும்மா என் மூஞ்சியப் பாக்க வரப்போறான்?” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு எதையும் முறைப்படி செய்துதான் பழக்கம்.

‘கத்துக்குட்டி’ என்ற பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கினேன். கத்துக்குட்டி ஒரு சிறு மாற்றம் அனுப்புவான், திட்டப் பொறுப்பாளராகிய நான் அதை ஏற்றுக்கொள்வேன். அதன்பின் ஒன்பதுக்கு அடுத்துப் பதினொன்று வரும். முதல் பிழையை ஜீரோ அண்ணன் ஒரு டீ ஆறுவதற்குள் பிடித்துவிட்டார். நீங்களும் திரும்பி வந்தீர்கள், கத்துக்குட்டியைக் கிழி கிழியென்று கிழித்தீர்கள். ‘புதிதாக வந்தவரை அப்படித் திட்டக் கூடாது’ என்று எழுதியது நான்தான். மனப்பூர்வமாகத்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு அளந்துதான் வைத்தேன். கூச்சப்படுகிறவர்களுக்கு எளிய பிழை, தற்பெருமைக்காரர்களுக்குச் சிக்கலானது. சில அசௌகரியங்கள் ஏற்பட்டன. ஒரு முடிவெட்டும் கடையில் அடுத்த எண் முன்கூட்டியே வந்துவிட, பாதித் தலையோடு ஒருவர் எழுந்து இடம் விட்டாராம். வரிசையை மதிக்கிற மனிதர். பத்தை விழுங்கும் பிழையை வேறு வடிவில் மறுபடி வைத்த நாளில், எங்கள் மருத்துவமனையில் ஒரு பெரியவருக்குப் பத்தாம் எண். வீங்கிய கன்னத்தோடு கதவை மூடும்வரை உட்கார்ந்திருந்தார். நானே அவரை உள்ளே அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் புகார் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து இயல்பாக வர வேண்டும் என்பது வகுப்பில் படித்தது. இரண்டு முறை தண்ணீர் கொடுத்தேன்.

அப்போதுதான் ஜீரோ அண்ணனுக்கு நேர்காணல் வந்தது. நம் திட்டத்தில் அவர் செய்த திருத்தங்களைப் பார்த்து ஒரு நிறுவனம் கூப்பிட்டிருந்தது. “வேலை கெடச்சா இந்தப் பக்கம் வர நேரம் இருக்காதும்மா” என்றார். வாழ்த்துச் சொன்னேன். அவர் கிளம்ப வேண்டிய காலையில், எல்லா ஊர்த் திரைகளிலும் எண்கள் பின்னோக்கி ஓடத் தொடங்கின.

அண்ணி எனக்குப் போன் செய்தார். “இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்து தட்டிக்கிட்டே இருக்காரும்மா. பஸ்ஸும் போயிடுச்சு. நீ சொன்னா கேப்பாரு. விடுங்கண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

“அண்ணன் ரொம்பப் பொறுப்பானவரு அண்ணி.”

“பொறுப்ப வச்சு அடுப்பு எரியுமா?”

அவர் சொன்னதும் நியாயம்தான். அன்று மதியம் அண்ணனுக்கு நான் எழுதியதுதான் இதுவரை எழுதியதிலேயே நீளமான நன்றி. கத்துக்குட்டியும் மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லி எழுதினான். அங்கேதான் கவனம் தவறிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். “தங்கச்சி, அந்தக் கத்துக்குட்டிப் பயலும் ‘உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி’ன்னுதான் முடிக்கிறான். நம்ம குழுவுல வேற யாரும்மா அப்படி எழுதறா?”

“எல்லாத்தையும் திருத்திட்டீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“புரோகிராமத் திருத்திட்டேன். உன்னையத் திருத்த எனக்குத் தெரியாதும்மா. இனிமே நான் அதத் தொட மாட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஆக, எல்லாப் பிழைகளையும் வைத்தது நான்தான். திட்டம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை. பொறுப்பை இத்துடன் உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன். அந்த நிறுவனம் பெருந்தன்மையாக அண்ணனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருப்பதாக அண்ணி சொன்னார். நல்ல செய்தி. நேர்காணல் நாளைக் காலை பத்து மணிக்கு.

இந்த வாக்குமூலத்தையும் திட்டத்தின் பக்கத்திலேயே, யாரும் திருத்தக்கூடிய விதத்தில் வைக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நடந்ததை மாற்றி எழுதியிருக்கிறேன். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியாது, அண்ணனுக்குத்தான் தெரியும். தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறவர் அல்ல அவர்.

நாளை ஒன்பதரைக்கு வெளியிடுகிறேன். உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி.