ட்ரையருக்குள்ளே ஆள்

டீ நல்லா இருக்குங்க சார். எங்க ஃபேக்டரியில இப்படித் தர மாட்டாங்க.

இத்தலார் பக்கம் அந்தத் தேயிலை ஃபேக்டரியில பதினோரு வருஷமா கம்ப்யூட்டர் பார்த்தேன். இலை விலை விழுந்தப்ப, இலையைக் காய வைக்கிற ட்ரையரைச் சுத்தம் பண்ற நேரம் வாசல்ல காவல் நிற்கிற ஆளை எடுத்துட்டாங்க. பதிலுக்கு என்கூட கம்ப்யூட்டர் பார்த்த ரேணுகா ஒரு பட்டன் வெச்சா. உள்ள போறவர் அமுக்கினா கம்ப்யூட்டர்ல 'ஆள் உள்ளே'னு விழும். அது இருக்கற வரைக்கும் சூட்டுக்காத்து போடக் கூடாது. வேலைக்கு வந்து எட்டே மாசம் அவ. அவ அப்பா பேர் அய்யாவு, அவருக்கு அதே ட்ரையர்லதான் வேலை, சிலோன்ல இருந்து வந்த குடும்பம். மேனேஜர் எதுக்கெடுத்தாலும் "ரேணுகாவைக் கேளுங்க"ம்பார். எனக்கு வயிறு எரிஞ்சதுங்க, மறைக்க என்ன இருக்கு.

அன்னிக்குப் பழைய சர்வர்ல ஓடிட்டிருந்த வர்ச்சுவல் மெஷினை, அதாவது ஃபேக்டரிக் கருவி எல்லாத்தையும் பார்த்துக்கற சிஸ்டத்தை, நிறுத்தாமலே புதுசுக்கு மாத்திட்டிருந்தா. மெமரி முழுக்க ஒரு தடவை காப்பி ஆகும். அதுக்கு நடுவுல இலை எடை போடற தராசோ ட்ரையரோ புதுசா எதை எழுதினாலும், மாறின இடம் லாக்னு ஒரு பதிவேட்டுல குறியாகும். குறி விழுந்ததை மறுபடி காப்பி பண்ணணும். எல்லாக் கருவிக்கும் பொதுவா ஒரே லாக்தான். கடைசிக் கருவி முடிக்கற வரைக்கும் அதை அழிக்கக் கூடாது. தராசு முடிச்சதும், ட்ரையரோட குறி பாக்கி இருக்கறப்பவே நான் அழிச்சேன். மேனேஜர் முன்னாடி அவ ஒரு தடவை திருதிருன்னு முழிக்கணும், அவ்வளவுதான்.

பழைய சர்வரோட ஸ்கிரீன் என் மேஜையில அப்படியே நின்னுபோயிருந்துச்சு. அதுல 'ஆள் உள்ளே'. அவ முன்னாடி இருந்த புதுசுல அது இல்லை.

"சுசீலாக்கா, உள்ளுக்கு யாரும் இல்லதானே?"ன்னு கேட்டா.

"ஸ்கிரீன் என்ன சொல்லுது?"

"ஆள் இல்லைன்னுதான்."

"அப்புறமென்ன கண்ணு. நீ செஞ்சதுதான."

அவளே சூட்டுக்காத்தைப் போட்டா. அய்யாவு பட்டனை அமுக்கிட்டு, துடைப்பத்தோட உள்ள போனதை ஜன்னல் வழியா நான் பார்த்திருந்தேன். லாக்கை அழிக்கறதுக்கு முன்னாடியே பார்த்திருந்தேங்க.

சாவு ஊட்டுல சொந்தக்காரங்க எல்லாரும் அவளைத் திட்டினாங்க. நான்தான் குறுக்கே போய், "தெரியாம பண்ணிட்டா, விடுங்க"ன்னேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதா. மேனேஜர் பக்கத்துல வந்து, "உங்க மனசு யாருக்குங்க வரும்"னு சொன்னார். அவர் சொன்னதுல தப்பொண்ணும் இல்லைன்னுதான் இன்னிக்கும் நினைக்கறேன்.